வேகக் கமரா மின்னினால் அடுத்த 14 நாளும் என்ன செய்வது

2024 ஒக்டோபர் 9, புதன் இரவு. வேலை முடிந்து லண்டனில் கென்டன் பக்கமாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். 30 மைல் வேக எல்லையுள்ள வீதி, முன்னும் பின்னும் ஒரு வாகனம் இல்லை. பின்கண்ணாடியில் வெள்ளையாக ஒரு வெளிச்சம் அடித்தது. கண் மூடித் திறக்குமுன் இன்னொன்று. கீழே பார்த்தேன், முள் 38இல் நின்றது. வயிற்றில் புளியைக் கரைத்தது. சாப்பாட்டுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு, என் கணவரிடம் சொல்லுவதா விடுவதா என்று யோசித்தபடி இருந்தேன்.

சொன்னேன். அதுதான் நான் செய்த முதல் நல்ல காரியம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்த நாள் வேலையிடத்தில் ஆளுக்கொரு கதை. இரவில் அந்தக் கமரா வேலை செய்யாது என்றார் ஒருவர். இணையத்தில் கார் நம்பரைப் போட்டுப் பார்க்கலாம் என்றார் இன்னொருவர். அப்படி ஒரு தளம் இல்லை. லைசென்ஸும் வாகனப் பதிவும் பார்க்கும் அரச அமைப்பான டிவிஎல்ஏயின் தளத்தில் உங்கள் லைசென்ஸைப் பார்க்கலாம்தான், ஆனால் பொயின்ட்ஸ், அதாவது தண்டனைப் புள்ளிகள், ஏறிய பிறகுதான் அதில் தெரியும். மின்னிய படத்தைப் பொலிஸ் என்ன செய்கிறது என்று எதிலும் தெரியாது. முதல் தகவல் தபாலில்தான் வரும். "வேகமாக ஓடினீர்கள், இந்த லிங்கில் காசு கட்டுங்கள்" என்று ஃபோனுக்குச் செய்தி வந்தால் அது ஏமாற்று வேலை, தொடவேண்டாம்.

மின்னியதெல்லாம் கடிதமாக வருவதில்லை. என்னைப் பிடித்தது கட்சோ வகை மஞ்சள் பெட்டி. 1992இல் ட்விக்கனம் பாலத்தில் இந்த நாட்டின் முதல் வேகக் கமரா வந்ததிலிருந்து இருக்கும் பழைய முறை அது. வாகனம் கடந்து போன பிறகு பின்னாலிருந்து ரேடாரால் அளந்து இரண்டு படம் எடுக்கும். வீதியில் வரிசையாகப் போட்டிருக்கும் வெள்ளைக் கோடுகள் எதற்கென்று நான் பல வருடம் யோசித்ததே இல்லை. முதல் படத்திலிருந்து இரண்டாவது படத்துக்குள் கார் எத்தனை கோடு கடந்தது என்று பார்த்து, ரேடார் சொன்ன வேகம் சரியா என்று ஒப்பிடுவதற்காம். அதே நேரம், மின்னவில்லை என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. மோட்டர்வேயில் வேலை நடக்கும் இடங்களில் நிற்கும் சராசரி வேகக் கமராக்கள் மின்னுவதில்லை. இரண்டு இடத்தில் நம்பர் பிளேட்டைப் படித்து, இடையில் எடுத்த நேரத்தைக் கொண்டு கணக்குப் போடும். ட்ருவெலோ வகை முன்னாலிருந்து எடுக்கும், அதன் வெளிச்சமும் கண்ணுக்குத் தெரியாது.

வேகத்துக்கு வருவோம். சட்டப்படி 31 மைலும் குற்றம்தான். ஆனால் பொலிஸ் தலைவர்கள் சபையின் வழிகாட்டலில் பத்து சதவீதமும் அதற்கு மேல் 2 மைலும் விட்டுக்கொடுக்கிறார்கள். 30இல் 35, 40இல் 46, 50இல் 57, 70இல் 79 என்ற கணக்கில்தான் பெரும்பாலும் நடவடிக்கை தொடங்கும். இது வழிகாட்டல்தான், உரிமை இல்லை. இன்னொன்று, காரின் வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது என்பது விதி. அதனால் அது கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். என் முள் 38 காட்டியது, கடிதத்தில் 36 என்று இருந்தது. முள் 33இல் நின்றதற்காக நித்திரை கெடுக்கிறவர்கள் இதை நினைத்துப் பாருங்கள்.

இனி அந்த 14 நாள். வழக்குத் தொடரப்படலாம் என்று அறிவிக்கும் கடிதத்தை எல்லாரும் சுருக்கமாக என்ஐபி என்கிறார்கள். சம்பவம் நடந்து 14 நாளுக்குள் அது வாகனத்தின் பதிவாளருக்குப் போய்ச் சேரவேண்டும். பதிவாளர் என்றால் லொக் புக்கில், அதாவது வாகனப் பதிவுப் பத்திரத்தில், பெயர் உள்ளவர். சம்பவ நாள் கணக்கில் இல்லை. எனக்கு 10ஆம் திகதி முதலாம் நாள், 23ஆம் திகதி பதினான்காம் நாள். குசினிச் சுவரில் தொங்கும் கோயில் கலண்டரில், ராகுகாலத்துக்குப் பக்கத்தில் 23ஐப் பேனையால் வட்டம் போட்டேன். 9ஆம் திகதிக் கட்டத்தில் "நான், இரவு 10.40" என்று எழுதினேன். நீங்களும் அன்றே எழுதுங்கள். ஒரு காரை வீட்டில் மூன்று பேர் ஓட்டினால், இரண்டு கிழமை கழித்து அன்று யார் ஓட்டியது என்பதில் சண்டை வரும்.

அதைவிட முக்கியம், அன்றிரவே லொக் புக்கை எடுத்து விலாசத்தைப் பாருங்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு அண்ணா ஈஸ்ட் ஹாமிலிருந்து ஹரோவுக்கு வீடு மாறியவர், லைசென்ஸில் மட்டும் விலாசம் மாற்றினார். லொக் புக் வேறு, லைசென்ஸ் வேறு, இரண்டையும் தனித்தனியாக மாற்றவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பொலிஸ் கடிதமும் நினைவூட்டல்களும் பழைய வீட்டுக்கே போயின. ஓட்டியவர் யார் என்று பதில் தராத குற்றத்துக்கு, அவர் இல்லாமலே தீர்ப்பாகி 6 பொயின்ட்ஸ் விழுந்தது. காப்புறுதி புதுப்பிக்கும்போதுதான் மனுஷனுக்கே தெரியும். யாருக்காவது இப்படி நடந்தால், தெரியவந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் மஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தில் சத்தியக் கூற்று கொடுத்தால் வழக்கைத் திரும்பத் தொடங்க வைக்கலாம். அந்த அண்ணா அப்படித்தான் மீண்டார். ஆனால் லொக் புக் விலாசத்தை மாற்றக் காசு கிடையாது, இணையத்தில் சில நிமிட வேலை.

எங்கள் கடிதம் 18ஆம் திகதி வெள்ளிக்கிழமை வந்தது. நான் வேலையில். என் கணவர் அதை ஃபோனில் படம் எடுத்து அனுப்பினார், ஏனென்றால் கார் இவர் பெயரில், கடிதமும் இவர் பெயரில். முன்பே சொல்லியிருக்காவிட்டால் அந்தக் காகிதத்தைப் பார்த்து அவர் என்ன நினைத்திருப்பார்? கார் நம்பர், வீதியின் பெயர், 22.41, 36 மைல். பின்பக்கத்தில் ஓட்டியவரின் விவரம் நிரப்பும் பகுதி. அதற்குப் பதில் தர 28 நாள். தராவிட்டால் 6 பொயின்ட்ஸ், 1,000 பவுண்ஸ் வரை தண்டம். வேகத்துக்கு வரக்கூடிய தண்டனையைவிட இது பெரிது. இவர் என் பெயரை எழுதி 21ஆம் திகதி அனுப்பினார். அனுப்பும்முன் படம் எடுத்து வையுங்கள். தபால் கந்தோரில் கேட்டால் அனுப்பியதற்கான அத்தாட்சித் துண்டை இலவசமாகத் தருவார்கள்.

பலர் பிழைவிடுவது இதற்குப் பிறகுதான். என் பெயருக்கு அடுத்த கடிதம் நவம்பர் 5ஆம் திகதி வந்தது, 27ஆம் நாள். "14 நாள் தாண்டிவிட்டது, கிழித்துப் போடு" என்று வேலையிடத்தில் ஒருவர் உறுதியாகச் சொன்னார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 14 நாள் என்பது பதிவாளருக்குப் போகும் முதல் கடிதத்துக்கு மட்டும். கம்பனிக் கார், லீஸ் கார், வாடகைக் கார் என்றால் முதல் கடிதம் அந்தக் கம்பனிக்குப் போய், சுற்றி உங்களிடம் வர ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். பொலிஸ் மறித்து அந்த இடத்திலேயே எச்சரித்திருந்தால் 14 நாள் விதியே இல்லை. பதிவாளருக்கே உண்மையில் பிந்தி வந்திருந்தாலும், ஓட்டியவர் யார் என்ற பகுதிக்குப் பதில் கொடுத்தே ஆகவேண்டும். பிந்தியது என்ற வாதத்தை அதன் பிறகு வைக்கலாம்.

இன்னொன்றை மனம் விட்டுச் சொல்லவேண்டும். "மாமியின் லைசென்ஸ் சும்மாதானே கிடக்கிறது, அவ ஓட்டியது என்று போடு" என்ற பேச்சு நம் வீடுகளில் வரும். எங்கள் வீட்டிலும் வந்தது. அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் அது நீதியைத் திசை திருப்பும் குற்றம். 2003இல் கமராவில் பிடிபட்ட அரசியல்வாதி கிறிஸ் ஹியூனின் பொயின்ட்ஸை அப்போதைய மனைவி விக்கி பிரைஸ் தன் பெயரில் ஏற்றார். பத்து வருடம் கழித்து, 2013 மார்ச்சில், இருவருக்கும் எட்டு மாதச் சிறை. நூறு பவுண்ஸ் தண்டத்துக்காக வயது போன ஒரு மனுஷியை அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள்.

வழக்கமான தண்டனை 100 பவுண்ஸும் 3 பொயின்ட்ஸும். அந்தப் பொயின்ட்ஸ் லைசென்ஸில் 4 வருடம் இருக்கும். மூன்று வருடத்துக்குள் 12 சேர்ந்தால் லைசென்ஸ் பறிபோகும் நிலை. லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகாதவர்களுக்கு 6 பொயின்ட்ஸிலேயே ரத்தாகும், திரும்பப் பரீட்சை எழுதி ஓடிக்காட்டவேண்டும். வீட்டில் புதிதாக ஓடும் பிள்ளைகளுக்கு இதை முதலே சொல்லுங்கள். வேகம் கொஞ்சம்தான் கூட என்றால், இங்கிலாந்தில் 30 மைல் வீதியில் ஏறக்குறைய 42 வரை, பொயின்ட்ஸுக்குப் பதிலாக வேகம் பற்றிய விழிப்புணர்வு வகுப்புக்கு அழைப்பு வரலாம். கடந்த மூன்று வருடத்தில் அப்படி ஒன்றுக்குப் போயிருக்கக்கூடாது. ஸ்கொட்லாந்தில் இந்த வகுப்பு இல்லை.

எனக்கு அழைப்பு வந்தது. ஜனவரியில், வீடியோவில், கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலம். லைசென்ஸைக் கையில் வைத்திருங்கள், பத்து நிமிடம் முந்தியே உள்ளே போங்கள், பிந்தினால் சேர்க்கமாட்டார்கள். 30 மைலில் கார் நிற்க 23 மீற்றர், 40இல் 36 மீற்றர் என்று காட்டினார்கள். எங்கள் வீட்டு வாசலிலிருந்து எண்ணினால், அந்த 13 மீற்றர் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பந்து விளையாடும் இடம்வரை போகிறது.

வகுப்பு முடித்ததாக வரும் மின்னஞ்சலை அழிக்காமல் வையுங்கள். மூன்று வருடக் கணக்கு சம்பவ நாளிலிருந்துதான். எனக்கு அது 2027 ஒக்டோபரில் முடியும். அதுவரை இன்னொரு வெளிச்சம் அடித்தால் வகுப்பு இல்லை, நேரே பொயின்ட்ஸ்தான்.