ஓடாத காரை சர்வீஸுக்கு விடும்போது

பெரும்பாலான சர்வீஸ் புத்தகங்களில் "10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது" என்று போட்டிருக்கும். முன்பாதியை எல்லோரும் படிப்பார்கள். "வண்டிதான் ஓடவே இல்லையே, எதுக்கு சர்வீஸ்?" என்ற கேள்வி, பின்பாதியைப் படிக்காதவர்கள் கேட்பது. சும்மா நின்றாலும் இன்ஜின் ஆயில் பழசாகும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதைப் பொதுவாக 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள்.

எங்கள் பெரியப்பாவின் கார் குலதெய்வம் கோயிலுக்கும் கல்யாணங்களுக்கும் மட்டும் வெளியே வரும். ஆயுத பூஜையன்று எலுமிச்சம்பழம் நசுக்க நாலடி நகரும். மற்ற நாட்களில் காலையில் கீழே இறங்கி, ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் உறுமவிட்டு, அபார்ட்மென்ட்டையே எழுப்பிவிட்டு மேலே வந்துவிடுவார். பேட்டரிக்கு நல்லதாம். உண்மையில், ஸ்டார்ட் செய்ய இழுத்த கரண்டே அந்த ஐந்து நிமிடத்தில் முழுசாகத் திரும்பி ஏறாது. இன்ஜின் சரியாகச் சூடாகாததால் சைலன்சரில் தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டுவதுதான் வைத்தியம். முடியாதென்றால் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி வையுங்கள்.

மழைக்காலத்தில் ஹேண்ட்பிரேக்கை இறுக்கி இழுத்துவிட்டு மாதக்கணக்கில் மறந்துபோவது இன்னொன்று. பின் சக்கரத்து பிரேக் ஷூ, டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். பெரியப்பா ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க, கார் அடம்பிடிக்கிற எருமை மாதிரி பின்பக்கம் குந்தியதே தவிர நகரவில்லை. சமதளத்தில் நிறுத்தினால் முதல் கியரில் போட்டு, டயருக்கு ஒரு செங்கல் முட்டுக்கொடுத்தால் போதும்.

அப்புறம் எலி. சர்வீஸ் சென்டரில் பையன் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தான். தேங்காய் நார், பஞ்சு, போன கோயில் பயணத்து வேர்க்கடலைத் தோல், நடுவில் ஓரம் கடித்த ஒரு நீலக் கைக்குட்டை. "இதைத்தான் உங்க பெரியம்மா தொலைச்சிட்டான்னு ஆறு மாசமா திட்டிட்டு இருக்கேன்!" என்றார் பெரியப்பா. சர்வீஸ் அட்வைசர் முகத்தில் சலனமே இல்லை. ஜாப் கார்டில் 'எலி' என்று எழுதிக்கொண்டார். கூடு கலைத்தால் போகும். ஒயரிங்கைக் கடித்திருந்தால் பில் பயமுறுத்தும். காருக்குள் தின்பண்டம் விடாதீர்கள். ரொம்ப நாள் நின்ற வண்டியை, பானெட்டைத் திறந்து பார்க்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

டயரில் பட்டன் தேயவில்லை என்று நிம்மதியாக இருப்பவர்கள் பக்கச்சுவரில் உள்ள நாலு இலக்கத்தைப் பார்க்கட்டும். 2316 என்றால் 2016-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. ரப்பர் வெடிப்பு விட்டிருந்தால் பட்டனைப் பார்த்துப் பயனில்லை.

இன்சூரன்ஸ், புகைச் சான்று இரண்டும் நடப்பில் உள்ளனவா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். ஓடாத வண்டிக்கு இதுதான் முதலில் மறந்துபோகும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: பயந்துபோய் அட்வைசர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது. ஒவ்வொரு வேலைக்கும் "இது கிலோமீட்டர் கணக்கா, மாசக் கணக்கா?" என்று கேளுங்கள். ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட்டுக்கு மாசக் கணக்கும் உண்டு. அதில் பேரம் வேண்டாம். வீல் அலைன்மென்ட், பிரேக் பேட் மாதிரி விஷயங்கள் ஓட்டத்தைப் பொறுத்தவை. வண்டி ஒரு பக்கமாக இழுக்கவில்லை, சத்தம் வரவில்லை என்றால் எஸ்டிமேட்டிலிருந்து எடுக்கச் சொல்லலாம். பாலிஷ், உள்ளே வாசனை ஸ்பிரே எல்லாம் உங்கள் இஷ்டம்.

மாற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்லிக் கேட்க மறக்காதீர்கள். பெரியப்பா கேட்டார். கைக்குட்டையையும் சேர்த்தே கவரில் போட்டுக் கொடுத்தார்கள்.