சத்தம் வரலையா? ஸ்பீக்கரை மாத்தறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

தண்டையார்பேட்டையில எதிர்வீட்டு அக்கா புது ஸ்பீக்கர் வாங்க ரிச்சி தெருவுக்குக் கிளம்பிட்டாங்க. பொண்ணோட ஆன்லைன் வகுப்புல படம் ஓடுது, சத்தம் இல்ல. போய்ப் பார்த்தா, முந்தின நாள்தான் எச்டிஎம்ஐ கேபிள்ல (படத்தோட சத்தத்தையும் சேர்த்து அனுப்பற கேபிள்) புது மானிட்டர் மாட்டியிருக்காங்க. கம்ப்யூட்டர் சத்தத்தை அந்த மானிட்டருக்கு அனுப்பிக்கிட்டு இருக்கு. அதுல ஸ்பீக்கரே கிடையாது!

விண்டோஸ் 11னா, வலது கீழ்மூலையில ஸ்பீக்கர் படத்தைத் தட்டுங்க. வால்யூம் கோட்டுக்குப் பக்கத்துல இருக்கற சின்னக் குறியை அழுத்தினா, மாட்டியிருக்கற கருவியெல்லாம் வரிசையா வரும். மானிட்டர் பேரை விட்டுட்டு ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்க. பெரும்பாலும் பக்கத்துல ‘ரியல்டெக்’னு போட்டிருக்கும், சிபியுவுக்குப் பின்னாடி பச்சைத் துளையில செருகினது அதுதான்.

யூடியூப்ல சத்தம் வருது, ஜூம்ல மட்டும் வரலைன்னா, ஜூமோட ஆடியோ செட்டிங்ஸ்லயே ஸ்பீக்கரைத் தனியா மாத்தணும். இது நிறைய பேருக்குத் தெரியறதில்ல. மத்த ஆப்புக்கு சவுண்ட் செட்டிங்ஸ்ல ‘வால்யூம் மிக்ஸர்’ இருக்கு.

மானிட்டர்ல சத்தமே வேண்டாம்னா, அதே சவுண்ட் செட்டிங்ஸ்ல மானிட்டர் பேரைத் திறந்து ‘டோண்ட் அலவ்’ குடுத்துடுங்க. அக்கா வீட்லயும் அதைத்தான் பண்ணிட்டு வந்தேன்.