சூத்திரத்தை மாற்றி எழுதும்போது எங்கே சறுக்குகிறது?

சென்னையில் எந்த டியூஷன் வாசலில் நின்றாலும் ஒரு வரி காதில் விழும்: "பிளஸ் அந்தப் பக்கம் போனா மைனஸ்." தப்பான வரி இல்லை. ஆனால் சூத்திரத்தை மாற்றி எழுதுவதில், அதாவது வேண்டியதை ஒரு பக்கம் தனியாக்குவதில், பிள்ளைகள் விடும் தப்புகளில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது என்பேன். சமக்குறியைத் தாண்டினால் குறி மாறும் என்பது மட்டும் மனதில் பதிந்துவிடுகிறது. உண்மையில் எதுவும் தாண்டிப் போவதில்லை. இரண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய்கிறோம், அவ்வளவுதான்.

ஆட்டோவை எடுத்துக்கொள்வோம். 2013-ல் அரசு நிர்ணயித்த கட்டணம், முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அதற்கு மேல் கி.மீ.க்கு 12 ரூபாய். (மீட்டர் போடுவார்களா என்பது வேறு கதை.) பாடப்புத்தகத்தில் ஒற்றை எழுத்துகளாக இருக்கும். இங்கே சொல்லாகவே எழுதுகிறேன்:

கட்டணம் = 25 + 12 × கூடுதல் தூரம்

85 ரூபாய் ஆனது என்றால் கூடுதல் தூரம் எவ்வளவு? இரண்டு பக்கமும் 25-ஐக் கழித்தால், கட்டணம் − 25 = 12 × கூடுதல் தூரம். இதுவரை எல்லோரும் ஒழுங்காக வந்துவிடுவார்கள். அடுத்த வரியில்தான் வினை. "12-உம் அந்தப் பக்கம் போகுது, அப்போ மைனஸ் 12" என்று 85 − 25 − 12 = 48 கி.மீ. போட்டுவிடுவார்கள். திருவான்மியூரில் ஏறியவர் 85 ரூபாயில் மாமல்லபுரம் போய்ச் சேர்ந்துவிடுவார்! 12 பெருக்கலில் ஒட்டியிருக்கிறது, வகுத்தால்தான் பிரியும். 60-ஐ 12-ஆல் வகுத்தால் 5 கி.மீ. இன்னும் சிலர் வகுப்பார்கள், ஆனால் பழக்கதோஷத்தில் −12-ஆல் வகுப்பார்கள்.

சரியாக வகுத்தவரும் எழுதுவதில் கோட்டை விடுவது உண்டு. கட்டணம் − 25/12 என்று எழுதினால் 25 மட்டும்தான் வகுபடும், விடை 82.9 என்று வரும். அடைப்புக்குறி போட வேண்டும், அல்லது வகுத்தல் கோட்டை மேலே உள்ள முழுவதற்கும் நீட்ட வேண்டும்.

அப்புறம் வரிசை. நம் ஊரில் வெயிலை ஃபாரன்ஹீட்டில் சொன்னால்தான் சுடும். "சென்னையில் 104 டிகிரி" என்று செய்தி வருகிறது.

ஃபாரன்ஹீட் = செல்சியஸ் × 9/5 + 32

இதைத் திருப்பும்போது 104-ஐ 5/9-ஆல் பெருக்கிவிட்டு, பிறகு 32-ஐக் கழித்தால் 25.8 வரும். கத்திரி வெயில் ஏசி அறையாகிவிட்டது. செல்சியஸ் மீது முதலில் பெருக்கல் நடந்தது, கடைசியில் 32 கூடியது. பிரிக்கும்போது கடைசியில் வந்தது முதலில் போக வேண்டும். சட்டையைக் கழற்றாமல் உள்ளே இருக்கும் பனியனைக் கழற்ற முடியாது, இல்லையா? 104 − 32 = 72, அதை 5/9-ஆல் பெருக்கினால் 40. முதலில் 5/9-ஆல் பெருக்குவது குற்றமில்லை. ஆனால் அப்படிச் செய்தால் 32-ஐயும் சேர்த்துப் பெருக்க வேண்டும். அதைத்தான் மறக்கிறார்கள்.

நமக்கு வேண்டியதன் முன்னாலேயே மைனஸ் இருந்தால் தனிக் கவனம் தேவை. லாபம் = விற்ற விலை − அடக்க விலை. இதிலிருந்து "அடக்க விலை = லாபம் − விற்ற விலை" என்று எழுதினால் பொருளின் விலை பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். முதலில் இரண்டு பக்கமும் அடக்க விலையைக் கூட்டிவிடுங்கள், மைனஸ் தொல்லை ஒழியும்.

உண்மையிலேயே கடினமான இடம், வேண்டியது இரண்டு இடத்தில் வருவது. தனிவட்டியில்,

மொத்தத் தொகை = அசல் + அசல் × காலம் × வீதம் / 100

அசலைக் கண்டுபிடி என்றால், ஒரு அசலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு இன்னொன்றை வலப்பக்கமே விட்டுவிட்டு "முடிஞ்சுது சார்" என்பார்கள். அசலைக் கண்டுபிடிக்க அசல் தெரிய வேண்டும் என்றால் என்ன கணக்கு அது? அசலைப் பொதுவாக வெளியே எடுத்தால் அசல் × (1 + காலம் × வீதம் / 100) என்று ஒரே இடத்துக்கு வந்துவிடும். பிறகு அடைப்புக்குள் உள்ள முழுவதாலும் மொத்தத் தொகையை வகுத்தால் சரி.

வர்க்கம் வந்தால், வர்க்கத்தைத் தனியாக்கிய பிறகே வர்க்கமூலம் எடுக்க வேண்டும். வட்டத்தின் பரப்பிலிருந்து ஆரம் காணும்போது பரப்புக்கு மட்டும் மூலம் போட்டு, π-ஐ (பை என்ற எண்ணை) மூலத்துக்கு வெளியே விட்டுவிடக் கூடாது.

மாற்றி எழுதியது சரிதானா என்று பார்க்க எண்களைப் போட்டுப் பார்ப்பது நல்ல வழி. பழைய சூத்திரத்தில் சில எண்களைப் போட்டு, வரும் விடையைப் புதியதில் போட்டால் முதல் எண்ணே திரும்பி வர வேண்டும். ஆனால் எண்ணைப் பார்த்து எடுங்கள். 1 வேண்டாம், 1-ஆல் பெருக்கினாலும் வகுத்தாலும் ஒரே விடைதான். 2-உம் வேண்டாம், 2 + 2, 2 × 2, இரண்டின் வர்க்கம் எல்லாமே 4 என்பதால் தப்பான சூத்திரமும் தப்பித்துவிடும். 3, 5, 7 என்று ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு எண்ணாகப் போடுங்கள்.