"பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்" என்றால், எந்தப் பிள்ளை? ஒன்ராறியோவில் பெற்றோரின் சிகிச்சை விருப்பங்களை முன்கூட்டியே எழுதிவைத்தல்

ஒன்ராறியோவுக்குப் பெற்றோருடன் வந்து குடியேறும் குடும்பங்கள் முதலில் சுகாதார அட்டைக்கும் குடும்ப வைத்தியருக்கும் அலைவது இயல்பு. அதே ஆண்டில் முடித்துவிட வேண்டிய இன்னொரு வேலையை நம்மில் பலர் அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும்போதுதான் நினைக்கிறோம்: நோயாளி தாமே முடிவெடுக்க இயலாத நிலைக்குப் போனால், சிகிச்சைக்கான சம்மதத்தை வைத்தியர் யாரிடம் கேட்பார்?

இதற்கென 1996ஆம் ஆண்டின் சுகாதாரப் பராமரிப்புச் சம்மதச் சட்டம் ஒரு வரிசையை வகுத்திருக்கிறது. நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர், நோயாளி தாமே எழுதி நியமித்தவர், அதற்கான சபை நியமித்த பிரதிநிதி ஆகியோர் முதலில் வருவர். அவர்கள் இல்லையெனில் கணவன் அல்லது மனைவி, பின்னர் பிள்ளைகளும் பெற்றோரும், அதன் பின்னர் சகோதரர்கள், கடைசியாக ஏனைய உறவினர். கணவனை இழந்த ஒரு தாய்க்கு மூன்று பிள்ளைகள் என்றால், மூத்தவர், ஆண்பிள்ளை, கூட வைத்துப் பார்ப்பவர் என்ற வேறுபாடெல்லாம் இந்தச் சட்டத்துக்குத் தெரியாது. மூவருக்கும் ஒரே உரிமைதான். அவர்கள் கடைசிவரை ஒத்துப்போகாவிட்டால், முடிவு பப்ளிக் கார்டியன் அண்ட் ட்ரஸ்டி என்னும் அரச அலுவலகத்திடம் போய்விடும். அந்தத் தாயை ஒருநாளும் கண்டிராத ஒருவர் அவருடைய சிகிச்சையைத் தீர்மானிக்கும் நிலை அது.

இதைத் தவிர்ப்பதற்கான பத்திரம்தான் தனிநபர் பராமரிப்புக்கான அற்றோணித் தத்துவம் (பவர் ஒஃப் அற்றோணி). அற்றோணித் தத்துவம் என்றதும் நமக்குக் காணி விற்பதுதான் நினைவுக்கு வரும். அதற்கு எழுதிய பத்திரம் இதற்கு உதவாது. இங்கே அற்றோணி என்பவர் சட்டத்தரணியாக இருக்க வேண்டியதுமில்லை. உங்கள் சார்பில் பேச நீங்கள் நம்பித் தெரிந்தெடுக்கும் ஒருவர், அவ்வளவே. 16 வயது நிரம்பிய, தாம் செய்வதை விளங்கிக்கொள்ளக்கூடிய எவரும் இதை எழுதலாம். மாகாண அரசின் படிவம் இலவசமாகக் கிடைக்கிறது. நீங்கள் முடிவெடுக்கும் ஆற்றலை இழந்தால் மட்டுமே இது நடைமுறைக்கு வரும் என்பதால், தெளிவாகப் பேசக்கூடிய தாயைத் தள்ளிவைத்துவிட்டு மகன் முடிவெடுக்க இது இடந்தராது.

பெரும்பாலும் தவறு நிகழ்வது சாட்சிக் கையெழுத்தில்தான். எங்கள் வீட்டில் மாமியார் என் கணவரை நியமித்துச் சாப்பாட்டு மேசையிலேயே கையெழுத்திட்டார். அருகில் நின்ற நானும் மாமியாரின் மகளான மைத்துனியும் சாட்சிகளாகக் கையெழுத்திட்டு, வேலை முடிந்ததென்று பத்திரத்தை உறைக்குள் வைத்தோம். உண்மையில் சட்டம் எங்கள் இருவரையுமே சாட்சியாக ஏற்காது. எழுதுபவரின் பிள்ளையும், நியமிக்கப்படுபவரின் துணையும் சாட்சியாக இருக்க முடியாது. எழுதுபவரின் துணைக்கும், நியமிக்கப்படுபவருக்கும், 18 வயது நிரம்பாதவருக்கும் அதே தடை உண்டு. இரண்டு அயலவர்களை அழைத்துப் புதிதாக எழுதினோம்.

மனத்தாங்கல் வரக்கூடாதென்று எல்லாப் பிள்ளைகளையும் நியமிப்பவர்கள், அவர்கள் "சேர்ந்தோ தனித்தனியாகவோ" செயற்படலாம் என்று எழுதாவிட்டால், அனைவரும் சேர்ந்தே முடிவெடுக்க வேண்டியிருக்கும். ஒருவர் விமானத்தில் இருக்கும்போது இது எவ்வளவு சிக்கல் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒருவரை நியமித்து, அவருக்கு இயலாதபோது இன்னொருவர் என்று எழுதுவதே நல்லதென்பது என் கருத்து.

ஆளை நியமிக்கத்தான் பத்திரம் வேண்டும். விருப்பங்களைச் சொல்ல வாய்ப்பேச்சே போதும். எழுத்தில் இருந்தாலும் வாய்மொழியாக இருந்தாலும் சட்டம் அவற்றை ஏற்கிறது. தெளிவான நிலையில் பின்னர் சொன்னது முன்னர் சொன்னதை மாற்றிவிடும். ஆனால் "எனக்கு மெசின் ஒன்றும் போடவேண்டாம்" என்ற ஒரு வசனத்தோடு விட்டுவிட்டால், கேட்டவருக்கு அது பெரும் பாரமாகிவிடும். நிமோனியாவுக்காகச் சில நாட்கள் செயற்கைச் சுவாசம் கொடுத்தால் எழுந்து வீட்டுக்கு வரக்கூடும் என்றாலும் வேண்டாமா, அல்லது இனி நினைவு திரும்பாது என்று வைத்தியர்கள் சொல்லும் நிலையில் மட்டும் வேண்டாமா? ஆகவே இயந்திரத்தைப் பற்றிக் கேட்பதைவிட வாழ்க்கையைப் பற்றிக் கேளுங்கள்: ஆட்களை அடையாளம் காண முடியாமற்போனால், தாமாக உண்ண முடியாமற்போனால், அதை எப்படி எடுத்துக்கொள்வீர்கள்? பேச்சைத் தொடங்க, "உங்களுக்கு ஏதும் நடந்தால்" என்பதைவிட, "உங்களால் பேச முடியாத நேரம் டொக்டர் எங்களில் யாரைக் கேட்கவேண்டும், அம்மா?" என்பது இலகுவானது. ஆங்கிலம் விளங்காத பெற்றோருக்கு இதே பேச்சு வைத்தியசாலையில் நடக்குமானால், மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். தாயின் நோயைத் தாய்க்கே மொழிபெயர்க்கும் பொறுப்பைப் பேரப்பிள்ளையின் தலையில் வைக்காதீர்கள்.

இதயம் நின்றால் மீள இயக்க முயலவேண்டாம் என்று ஏற்கெனவே முடிவெடுத்திருப்பவர் வீட்டில் இருந்தால், வேறொரு தாளும் அவசியம். வைத்தியரோ தாதியோ கையொப்பமிட்ட, தொடரிலக்கம் உள்ள டிஎன்ஆர் (உயிர்மீட்பு முயற்சி வேண்டாம்) உறுதிப்படுத்தற் படிவத்தைக் காட்டாவிட்டால், 911 அழைப்புக்கு வரும் பரமெடிக்குகள் உயிர்மீட்பு முயற்சியைத் தொடங்கவே செய்வார்கள்.

எழுதிய பத்திரத்தை வங்கிப் பெட்டகத்தில் வைக்காதீர்கள். இரவு இரண்டு மணிக்கு வங்கி திறந்திருக்காது. ஒரு பிரதி நியமிக்கப்பட்டவரிடமும் இன்னொன்று குடும்ப வைத்தியரின் கோப்பிலும் இருக்கட்டும். மூலப்பத்திரம் எந்த அலுமாரியின் எந்தத் தட்டில் இருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.