தக்காளிக் குடிலில் பம்பிள் தேனீ வேலை செய்கிறதா? பூவே சொல்லும்

நெதர்லாந்து, பெல்ஜியம் கண்ணாடிக் குடில்களில் தக்காளிப் பூவை அதிர்வுக் கருவியால் தொட்டுத் தொட்டு மகரந்தம் உதிர்த்த வேலை, 1980களின் இறுதியிலிருந்து பம்பிள் தேனீக்களின் (பருத்த, மயிரடர்ந்த தேனீ வகை) கைக்குப் போனது. தேனீக் கூடுள்ள பெட்டியைக் குடிலில் வைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. தேனீ மகரந்தம் எடுக்கும் விதம் தெரிந்தால்தான் எங்கே கோளாறு என்று பிடிபடும்.

தக்காளியின் மகரந்தம் பூவின் நடுவிலுள்ள மஞ்சள் கூம்புக்குள் அடைபட்டிருக்கும். தேனீ அந்தக் கூம்பைத் தாடையால் கவ்வித் தலைகீழாகத் தொங்கும். இறக்கையை மடக்கியபடியே பறக்கும் தசையை மட்டும் துடிக்கவிடும். கிர்ரென்று காதில் விழும். தூள் அதன் வயிற்று மயிரில் கொட்டும், சூல்முடியிலும் படும். பிறகு கால்களால் உடம்பை வாரி, கக்கிய தேன்ரசத்தில் பிசைந்து, பின்னங்கால்களை ஒன்றோடொன்று உரசும். பின்னங்காலின் வெளிப்புறம் பளபளவென்று குழிந்திருக்கும். ஓரமெல்லாம் நீண்ட மயிர். அந்தக் கூடைக்குள் மகரந்தம் அடியிலிருந்து மேலாக ஏறும். இடையில் வேறு பூவுக்குப் போயிருந்தால் உருண்டையில் நிற அடுக்கே தெரியும்.

தாடை கவ்விய இடம் சில மணி நேரத்தில் பழுப்பாகும். அதைத்தான் தேட வேண்டும். அன்று விரிந்த பூவை விடுங்கள். வாடி மூடத் தொடங்கிய பூக்களில் இருபதை வெவ்வேறு வரிசைகளிலிருந்து பாருங்கள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் லேசான தழும்பு இருந்தால் போதும். கூம்பு கறுத்துக் கிழிந்திருந்தால் பூவுக்கு மிஞ்சிய தேனீ இருக்கிறது, பூ உதிரும். பெட்டியைச் சில மணி நேரம் மூடிவையுங்கள்.

தழும்பே இல்லையா? முதலில் வெப்பத்தைப் பாருங்கள். 30 டிகிரியைத் தாண்டினால் வேலைக்காரத் தேனீக்கள் கூட்டுக்குள் இருந்து விசிறத் தொடங்கிவிடும். பெட்டிக்கு நிழல் கொடுங்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பிளாஸ்டிக் கூரையின் கீழ் அவை வழி தவறும். பூச்சிமருந்து தெளித்திருந்தாலும் இதே கதிதான். திரும்பி வரும் தேனீயின் காலையும் கவனியுங்கள்: தக்காளி உருண்டை வெளிறியிருக்கும், அடர் ஆரஞ்சு என்றால் காற்றுச் சன்னல் வழியே வெளிப்பூவுக்குப் போகிறது. தக்காளிப் பூவில் தேன் கிடையாது. பெட்டியில் சர்க்கரைப் பாகு தீரவே கூடாது.

தழும்பு இருந்தும் காய் பிடிக்காவிட்டால் தேனீயைக் குறை சொல்லாதீர்கள். பூவைக் கறுப்புக் காகிதத்தின் மேல் தட்டுங்கள். தூள் விழாவிட்டால் காற்றின் ஈரம் மிகுந்து மகரந்தம் கட்டிபட்டிருக்கலாம். சன்னலைத் திறந்து ஈரத்தைக் குறையுங்கள். தூள் விழுந்தும் பயனில்லை என்றால், கடும் வெப்பத்திலோ குளிர் இரவிலோ மகரந்தம் வீரியம் இழந்திருக்கும். அப்போது கூடுதல் பெட்டி வாங்குவது வீண் செலவு.