ஒரு பிள்ளை, பல வரிகள்: ஏபிசிடி தரவில் முதல் படிகள்

வளரிளம் பருவத்து மூளை வளர்ச்சியைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரே பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடரும் அமெரிக்காவின் ஏபிசிடி (Adolescent Brain Cognitive Development) ஆய்வு ஒரு பெரும் புதையல். 2016 முதல் 2018 வரை 21 மையங்களில், 9, 10 வயதுப் பிள்ளைகள் 11,800-க்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். ஆண்டுதோறும் கேள்விகள், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எம்ஆர்ஐ ஸ்கேன். அனுமதி ஒப்பந்தத்துக்குப் பிறகே தரவு கைக்கு வரும்.

படி 1: ஒரு வரி எதைக் குறிக்கிறது?
ஒவ்வொரு வரியும் ஒரு பிள்ளையின் ஒரு வருகை. அட்டவணைகளை இணைக்கும்போது பிள்ளையின் அடையாள எண், வருகையின் பெயர் இரண்டையும் சேர்த்தே பொருத்துங்கள். எண்ணை மட்டும் வைத்து இணைத்தால் வரிகள் சத்தமில்லாமல் பெருகிவிடும். இணைப்புக்கு முன்னும் பின்னும் வரிகளை எண்ணிப் பாருங்கள்.

படி 2: 777, 999
கேள்வித்தாள்களில் இவை மதிப்பெண்கள் அல்ல. பதில் சொல்ல மறுத்தார், தெரியாது என்பதற்கான குறிகள். சராசரி எடுக்கும் முன் வெற்றிடமாக மாற்றிவிடுங்கள்.

படி 3: தலை அசைவு
இங்கே அவசரப்படாதீர்கள். ஸ்கேனருக்குள் தலை அசைந்தால் மூளைப் புறணி (மூளையின் வெளி அடுக்கு) உள்ளதைவிட மெல்லியதாகப் பதிவாகும். சிறு பிள்ளைகள்தான் அதிகம் அசைவார்கள். ஆனால் வளரிளம் பருவத்தில் புறணி இயல்பாகவே மெலிந்துகொண்டு போகிறது. ஆக, முதல் ஸ்கேன் அசைவினால் பொய்யாக மெலிந்து தெரிந்தால், பிறகு நடக்கும் உண்மையான மெலிவு குறைவாகவே தெரியும். தரப் பரிசோதனையில் தேறாத படங்களை விலக்குங்கள். அப்புறம், விலக்கப்பட்ட பிள்ளைகள் யார் என்றும் பாருங்கள். துறுதுறுப்பு அதிகமுள்ளவர்களே அதிகம் விலக்கப்பட்டால், கவனக்குறைபாட்டைப் பற்றிய உங்கள் முடிவே சாய்ந்துவிடும். இந்தச் சோதனையைப் பலர் தவிர்ப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

படி 4: புள்ளியியல் மாதிரி
சரி, இனி ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல் மொழியில் கலப்பு விளைவு மாதிரி (mixed-effects model): எல்லோருக்கும் பொதுவான போக்கையும் ஒவ்வொருவரின் தனி வேறுபாட்டையும் சேர்த்துக் கணக்கிடும் முறை. ஒரே பிள்ளையின் அளவீடுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். உடன்பிறந்தவர்கள், இரட்டையர்கள் பலரும் இதில் உண்டு. அதனால் பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் தனித்தனித் தொடக்கப் புள்ளி கொடுங்கள். சீமென்ஸ், ஜிஇ, பிலிப்ஸ் என மூன்று நிறுவனக் கருவிகள் பயன்பட்டதால், ஸ்கேனர் எண்ணையும் சேருங்கள்.

வயதை இரண்டாகப் பிரியுங்கள்: அந்தப் பிள்ளையின் சராசரி வயது, அதிலிருந்து ஒவ்வொரு வருகையும் விலகும் அளவு. முதலாவது, பிள்ளைகளுக்கிடையே உள்ள வேறுபாடு. இரண்டாவதுதான் வளர்ச்சி.

படி 5: வராமல் போனவர்கள்
2020-இல் கொரோனா பல வருகைகளைக் குலைத்தது. நின்றுபோனவர்களையும் தொடர்ந்தவர்களையும் முதல் வருகையின் குடும்ப வருமானம், பெற்றோர் கல்வி ஆகியவற்றில் ஒப்பிட்டு, அந்த அட்டவணையைக் கட்டுரையிலேயே வெளியிடுங்கள்.