சார்தீனியாவின் நான்கு சிற்றரசுகள்: பழைய ஏடுகளைத் தடுமாறாமல் படிக்க

சார்தீனியா இத்தாலியின் தீவு; இடைக்காலத்தில் அங்கே நான்கு அரசுகள் இருந்தன. முதலில் ஒரு தாளில் அவற்றுக்கு நான்கு பத்தி வரையுங்கள்: தெற்கே கால்யரி, மேற்கே அர்போரேயா, வடமேற்கே தோரெஸ், வடகிழக்கே கல்லூரா. இடப்பக்கம் ஆண்டு. 1073இல் போப் ஏழாம் கிரகோரி நான்கு அரசர்களுக்கும் கடிதம் எழுதியிருக்கிறார்; அந்த வரிசையில் தொடங்குவதே பத்திரம், அதற்கு முந்தியது மங்கல். அரசுகள் முடிந்த ஆண்டு: கால்யரி 1258, தோரெஸ் 1259, அர்போரேயா 1420. கல்லூராவுக்கு 1288 என்றும் 1296 என்றும் போடுவார்கள். முன்னது கல்லூராவை ஆண்ட நீனோ விஸ்கோந்தி இத்தாலிய நகரமான பீசாவிலிருந்து விரட்டப்பட்ட ஆண்டு, பின்னது அவர் இறந்த ஆண்டு. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆட்சி செய்தவரை ஏடுகள் 'ஜூதிகே' என்கின்றன. நீதிபதி என்பது நேர்ப்பொருள். அரசர் என்றே படிக்க வேண்டும். 'ரென்னு' அரசுச் சொத்து, அரசரின் சொந்தச் சொத்து வேறு. நிலக்கொடை கண்ணில் பட்டால் எதிலிருந்து போனது என்று பாருங்கள்.

பெரும்பாலோர் சறுக்குவது பெயரில். 1073 கடிதத்திலேயே இரண்டு ஒர்சொக்கோ இருக்கிறார்கள், ஒருவர் அர்போரேயா, ஒருவர் கால்யரி. கால்யரிக்காரருக்குத் தொர்கித்தோரியோ என்றும் பெயர். அங்கே அரியணைப் பெயர் தொர்கித்தோரியோ, சலூசியோ என்று மாறி மாறி வரும். சோழர் கல்வெட்டில் ராசகேசரி, பரகேசரி பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. சொந்தப் பெயரையும் அரியணைப் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒருவரே இருவராகிவிடுவார்.

அடுத்தது தேதி. பீசா கணக்கில் புத்தாண்டு மார்ச் 25, அதுவும் நமக்கு ஒன்பது மாதம் முன்னதாகவே. பீசா ஆவணத்தில் 1200 மே 10 என்றிருந்தால் நம் கணக்கில் 1199 மே 10. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை மாற்றம் வேண்டாம்.

'கொண்டாகே' என்பது மடங்களின் சொத்துப் பதிவேடு. வழக்கு, கொடை, கொள்முதல் எல்லாம் அதில்தான். அடிமைகளின் உழைப்பை அதில் பங்குபோட்டு எழுதுவார்கள்: 'இந்தேக்ரு' முழு ஆள், 'லாத்துஸ்' பாதி, 'பெதே' கால்பங்கு. பெதே என்றால் பாதம். இன்னாரின் 'பெதே' வாங்கினோம் என்று வந்தால் காலை வெட்டியதாகப் படித்துவிடாதீர்கள். அவர் உழைப்பில் நாலில் ஒன்று மடத்துக்கு வந்தது, அவ்வளவே. பிள்ளைகளையும் எசமானர்கள் பிரித்துக்கொண்டார்கள். சல்வென்னோர் மடத்தின் கொண்டாகே ஸ்பானிய மொழிபெயர்ப்பாக மட்டுமே கிடைப்பதால், தீவின் மொழியான சார்தோவின் நடைக்கு அதைச் சான்று காட்ட முடியாது.

'அர்போரேயா ஏடுகள்' என்ற தொகுப்பை அப்படியே ஒதுக்குங்கள். 19ஆம் நூற்றாண்டுப் போலி. 1870இல் பெர்லின் அறிஞர் குழு அதை அம்பலப்படுத்தியது. பழைய நூல்களில் அதிலிருந்து எடுத்த செய்திகள் இன்னும் ஒளிந்திருக்கும்.

அர்போரேயாவை ஆண்ட எலெயொனோராவின் 'கார்த்தா தெ லோகு' 198 அதிகாரம் கொண்ட சட்டநூல், 1827 வரை வழக்கில் இருந்தது. அதன் வேளாண் விதிகள் அவர் தந்தை நான்காம் மாரியானோ இயற்றியவை. அதை வைத்து 12ஆம் நூற்றாண்டுத் தோரெஸை விளக்கக் கூடாது: இந்த நூல் உருவான 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்த அரசு மறைந்தே நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.